19 வயதுப் பெட்டைக் குதிரைக்கு நல்ல இடம் வேண்டும்: விசாரிப்பது எப்படி?

தோட்டத்துவீடு எழுதியது:

வணக்கம். பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பில் ஒரு பெட்டைக் குதிரை இருக்கிறது. கத்தியவாரிக் கலப்பு, செவலை, பெயர் வள்ளி. வயது 19. அந்தியூர் ஆடிச் சந்தையில் அப்பா குட்டியாக வாங்கி வந்தது. இப்போது தோப்பு பாகம் பிரிந்து விற்பனைக்குப் போகிறது. தை மாதம் கிரயம். அப்பாவுக்கு மூட்டு அறுவை முடிந்து, கோவையில் என்னோடு மூன்றாவது மாடி வீட்டில்தான் இருக்கப்போகிறார்.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். காலையில் முன் வலது கால் விறைப்பாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் சரியாகும். கடைவாய்ப் பல் ஒன்று விழுந்துவிட்டது. வைக்கோல் போட்டால் மென்று சுருட்டித் துப்புகிறாள். ஊறவைத்த கொள்ளும் தவிடும் நன்றாகச் சாப்பிடுகிறாள். பெரியவர்கள் யாரும் ஏறுவதில்லை. குழந்தைகளிடம் அவ்வளவு பொறுமை.

பணம் வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'இலவசமாகத் தருகிறோம்' என்று போட்டதிலிருந்து போன் ஓயவில்லை. இவர்களில் யாரை நம்புவது, என்ன கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சந்தைப்புழுதி எழுதியது:

அம்மிணி, முதல் வேலையாக அந்த ஸ்டேட்டஸை எடுத்துவிடுங்கள்.

'இலவசம்' என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் ஓடி வருபவர்கள் தரகர்கள். இன்று உங்களிடம் 'பேரப்பிள்ளைகளுக்கு' என்று வாங்கிப் போவார்கள். அடுத்த வாரம் அது கல்யாண ஊர்வலத்துக்கோ, எங்காவது சுற்றுலா இடத்தில் சவாரிக்கோ கைமாறியிருக்கும். மூன்று கை மாறிய குதிரையைத் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

கேள்விகளை நீங்கள் கேட்பதற்கு முன், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். 'ஓடுமா, ஆடுமா, மேளத்துக்குப் பயப்படுமா' என்று ஆரம்பிப்பவர் யார் என்று உங்களுக்கே புரியும். 'சுழி எப்படி' என்று முடிச்சுழியை வைத்து ராசி பார்த்துக் கேட்டால் ஆள் பழைய குதிரைக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் விற்பதையும் வாங்குவதையும் நினைத்துத்தான் கேட்கிறார். 'என்ன தீனி, எந்தப் பல் போயிருக்கிறது, லாடம் உண்டா, கடைசியாக எப்போது வயிற்றுவலி வந்தது' என்று கேட்பவரோடு மட்டும் பேச்சைத் தொடருங்கள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அது வாங்குபவனுக்குச் சொன்னது. கொடுக்கிற நீங்கள் வாங்குபவரின் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

---

மெரினாக்காற்று எழுதியது:

இலவசம் வேண்டாம், ஒரு விலை வையுங்கள். பணம் கொடுத்து வாங்கியவன்தான் மதிப்பான்.

---

சந்தைப்புழுதி எழுதியது:

@மெரினாக்காற்று, தம்பி, விலை வைத்தால் சும்மா வேடிக்கைக்குக் கேட்பவர்கள் விலகுவார்கள், அது உண்மை. ஆனால் கல்யாணக் குதிரைக்காரர் அந்த விலையை யோசிக்காமல் கொடுப்பார். இரண்டு மூன்று முகூர்த்தத்தில் எடுத்துவிடலாம் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். வயதான குதிரைக்கு நல்ல இடம் தருகிறவர்தான் 'இதற்கு எதற்குங்க பணம்' என்பார். விலையை மட்டும் சல்லடையாக வைத்தால் தப்பான ஆள்தான் தங்குவார்.

---

கொட்டில்டாக்டர் எழுதியது:

நான் கால்நடை மருத்துவர், கொங்குப் பகுதியில்தான் வேலை. ஆள் தேடுவதற்கு முன் செய்யவேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். இவை கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

வயதை ஒருமுறை உறுதி செய்யுங்கள். மேல் வரிசை முன்பற்களில் கடைசியில் இருக்கும் ஓரப்பல்லின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளக் கோடு தெரியும். சுமார் 10 வயதில் ஈறோரம் தோன்றி, 15இல் பாதிப் பல்லுக்கு வந்து, 20 வாக்கில் முழு நீளத்துக்கும் இறங்கும். அதன்பிறகு மேலிருந்து மறையத் தொடங்கும். துல்லியம் கிடையாது, ஆனால் '12 வயதுதான்' என்று அடுத்தவர் கதை விட்டு விற்கும்போது பிடிபடும். உங்கள் குதிரைக்கு அந்தக் கோடு ஏறக்குறைய முழுதாக இருக்கவேண்டும்.

துப்புவது பல் தேய்மானத்தின் அடையாளம். குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் ஈறிலிருந்து மெல்ல வெளியே வந்துகொண்டும், மெல்லும்போது தேய்ந்துகொண்டும் இருக்கும். எதிர்ப்பல் விழுந்துவிட்டால் இந்தப் பக்கப் பல் தேய வழியில்லாமல் நீண்டு கூர்மையாகி, கன்னத்தையும் ஈறையும் குத்தும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லை அராவிவிட வேண்டும். வைக்கோலை நிறுத்திவிடுங்கள். அதில் சத்தும் குறைவு, சரியாக மெல்லாமல் விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் மாட்டுக்குச் சாதாரணமாகப் போகும் வயிற்றுக் கோளாறு குதிரையின் உயிரை எடுக்கிறது.

கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இது மனிதர்களுக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. இருப்பது உறுதியானால் சட்டப்படி குதிரையை உயிரோடு வைத்திருக்க முடியாது. கால்நடைத்துறை வழியாக மாதிரி எடுத்து ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்புவார்கள். நல்ல இடம் வைத்திருப்பவர், தன்னிடம் ஏற்கனவே உள்ள குதிரைகளை நினைத்து இந்தச் சான்றைக் கேட்பார். கேட்காவிட்டாலும் கொடுங்கள். சர்ரா எனப்படும் ஈக்கடி நோய்க்கும் பார்த்துவிடலாம். டெட்டனஸ், ரேபிஸ் ஊசி போட்ட தேதிகள் ஒரே தாளில் இருக்கட்டும்.

இன்னொன்று. இந்த வெயிலிலும் முடி உதிராமல் நீளமாகச் சுருண்டு வளர்கிறதா, தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் சிறுநீர் கழிக்கிறதா? அப்படியானால் குஷிங் நோயா என்று பார்க்கவேண்டும். வயதான குதிரைகளுக்கு வரும் சுரப்பிக் கோளாறு இது. குளம்பு வீக்கமும் கூடவே வரலாம். மருந்து உண்டு, ஆனால் வாழ்நாள் முழுவதும் தினமும் தரவேண்டும். எடுத்துப்போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

---

தோட்டத்துவீடு எழுதியது:

மிக்க நன்றி டாக்டர். முடி சாதாரணமாகத்தான் இருக்கிறது. தண்ணீரை அளந்து பார்த்ததில்லை. எவ்வளவு இருந்தால் சரி?

ஸ்டேட்டஸை எடுத்துவிட்டேன். இதுவரை கேட்டவர்களில் நான்கு பேர் மனதில் நிற்கிறார்கள்.

ஒருவர் திருமண ஊர்வலக் குதிரை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், அவரிடம் இருக்கும் குதிரைகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. இரண்டாமவர் பல்லடம் பக்கம் பெரிய கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், இடம் நிறைய, பேரக்குழந்தைகள் விளையாடக் கேட்கிறார். மூன்றாவது நீலகிரியில் ஒரு தங்கும் விடுதி. நான்காவது உடுமலை அருகே ஒரு தம்பதி. அவர்களிடம் ஒரு கிழ ஆண் குதிரை, காயடித்தது. அதன் ஜோடி போன ஆண்டு இறந்துவிட்டதாம், தனியாக இருக்கிறதாம்.

என் மாமா வேறு, 'கோயிலுக்கு விட்டுவிடு, புண்ணியம்' என்கிறார்.

---

நீலகிரிக்குளிர் எழுதியது:

அக்கா, விடுதியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், நான் ஊட்டியில் இருக்கிறேன். சீசனில் குதிரைக்கு வேலை இருக்கும், தீனியும் இருக்கும். சீசன் முடிந்தால்? இங்கே சவாரிக் குதிரைகள் பலவற்றைத் தெருவில் அவிழ்த்து விட்டுவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மார்க்கெட் குப்பையில் காய்கறிக் கழிவோடு பிளாஸ்டிக்கும் உள்ளே போகும், இரவில் வண்டி மோதும். எல்லா விடுதியும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நவம்பரில் அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேண்டாம்.

மேலும் 19 வயது வரை சமவெளி வெயிலில் வாழ்ந்தது, விறைப்பான கால் வேறு. இங்கே குளிரும் ஈரமும் மேடும் பள்ளமும்.

---

காரமடைக்காரன் எழுதியது:

மசினகுடியில் ஐபேன் என்று ஒரு விலங்கு அடைக்கலம் இருக்கிறதே, மாவனல்லாவில். அங்கே குதிரை, கழுதை எல்லாம் வைத்துப் பார்க்கிறார்களே. அங்கே கேட்கலாமே?

---

நீலகிரிக்குளிர் எழுதியது:

கேட்கலாம். ஆனால் அக்காவின் நிலையில் முதல் கதவாக அதைத் தட்டக்கூடாது என்பது என் கருத்து. அடைக்கல மையத்தில் ஒரு இடம் என்பது அடிபட்டு, கைவிடப்பட்டு, யாருமே இல்லாத ஒரு மிருகத்துக்கான இடம். வள்ளிக்குப் பொறுப்பான வீட்டுக்காரர் இருக்கிறார், தை வரை நேரமும் இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொண்டாலும் மாதாமாதம் தீனிச் செலவை அனுப்புவதுதான் முறை. வேறு வழியே இல்லையென்றால் போன் செய்யுங்கள். அவர்களிடம் ஆலோசனை கேட்பதில் தவறே இல்லை.

---

ஊர்க்குருவி எழுதியது:

ஐயனாருக்கு மண் குதிரை போதும் என்று உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள் 😀

சும்மா சொல்லவில்லை. நேர்ந்துவிட்ட மாட்டுக்கே பல கோயில்களில் கொட்டில் கிடையாது. குதிரைக்குப் பல் அராவ யார் ஆள் கூப்பிடுவார்கள்? புண்ணியம் மாமாவுக்கு, பட்டினி வள்ளிக்கு.

---

சேணக்கட்டு எழுதியது:

குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவன் நான். திருமணக்காரர் பற்றி ஒரு வார்த்தை. குதிரை கொழுகொழுவென்று இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊர்வலத்தில் காட்டவேண்டும் என்பதால் தீனி போடுவார்கள், அது அவர்கள் தொழில். நீங்கள் பார்க்கவேண்டியது குளம்பு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவவில்லையென்றால் நுனி நீண்டு, ஓரம் பிளந்திருக்கும். அடுத்து வாயோரம். கடிவாளம் அறுத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முதுகில் சேணம் படும் இடத்தில் வெள்ளை முடித் திட்டுகள். அவை பழைய காயத்தின் மேல் முளைத்த முடி. கடைசியாக, நீங்கள் கொட்டிலுக்குள் கை நீட்டும்போது குதிரைகள் முகத்தை அருகில் கொண்டுவருகின்றனவா, தலையைத் தூக்கிப் பின்வாங்குகின்றனவா? அதை யாராலும் ஒருநாளில் அலங்கரிக்க முடியாது.

விறைப்பான முன்காலோடு தார்ச்சாலையில் மூன்று மணி நேரம், மேலே மாப்பிள்ளை, பக்கத்தில் பட்டாசு. எனக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை.

குழந்தைகள் ஏறுவது பற்றியும் சொல்கிறேன். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சேணத்தோடு சேர்த்து, ஏற்றக்கூடாது என்பது பொதுவான அளவு. வள்ளி 350 கிலோ என்றால் 70. ஆனால் அது திடமான குதிரைக்கு. இவளுக்கு அதில் பாதிகூட அதிகம்தான். சிறு குழந்தை, கையில் பிடித்து நடத்தல், பத்து நிமிடம். எடுத்துப்போகிறவர் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

---

கொட்டில்டாக்டர் எழுதியது:

தண்ணீர்: இந்த எடைக்கு, நம் ஊர் வெயிலில், ஒரு நாளைக்கு 30 லிட்டர் அளவு சாதாரணம். திடீரென இரண்டு மடங்கானால்தான் கவலை.

கோழிப்பண்ணை என்றதும் எனக்கு மணி அடித்தது. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், வேறு யாருக்காவதும் உதவும்.

கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் நோய் வராமல் இருக்க மொனென்சின் போன்ற மருந்துகளைக் கலப்பது வழக்கம். கோழி அதைத் தாங்கும். குதிரை தாங்காது. மிகச் சிறிய அளவே இதயத் தசையைச் சிதைத்துவிடும், முறிவு மருந்து கிடையாது. பிழைத்தாலும் இதயம் பழைய நிலைக்கு வராது. குதிரை தானாகப் போய்த் தின்னவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரே வாளி, ஒரே மண்வெட்டி, 'மிச்சத் தீவனம் வீணாகுதே' என்று அக்கறையாகக் கொண்டுவந்து போடும் ஒரு வேலையாள் போதும். அந்தப் பெரியவர் நல்லவராகவே இருக்கலாம். தீவனக் கிடங்கும் குதிரையும் பூட்டிய கதவோடு தனித்தனியாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். மாட்டுத் தீவனத்திலும் சில வகைகளில் இந்த மருந்து கலந்திருக்கும், மூட்டையைப் படித்துப் பார்க்காமல் போடக்கூடாது.

அடுத்து, எங்கே போனாலும் என்ன புல் இருக்கிறது என்று கேளுங்கள். நம் பக்கம் மாடு வைத்திருக்கும் எல்லோரிடமும் கோ-4, கோ-5 என்ற கம்பு நேப்பியர்தான் இருக்கும். மாட்டுக்கு அருமை. ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம். குதிரைக்கு அதை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலும்பு பலவீனமாகி, முகம் வீங்கும், நொண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் தவிடும் நேப்பியரும் சேர்ந்தால் இன்னும் மோசம். அருகம்புல் நல்லது. குதிரைமசால் கிடைத்தால் கொஞ்சம் கலக்கலாம், சுண்ணாம்புச் சத்து அதில் நிறைய. இளஞ்சோளப் பயிர் வேண்டவே வேண்டாம். வேலியில் அரளி இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். காய்ந்த அரளி இலையும் விஷம்தான்.

அளவு கேட்பார்கள்: உலர் எடையாக உடல் எடையில் 2 சதவீதம். 350 கிலோவுக்கு 7 கிலோ. பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அது 30 கிலோ புல்லைத் தாண்டும். 'ரெண்டு கட்டு போட்டால் போதாதா' என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அப்புறமும் வேண்டும் என்றால் ஆள் உறுதியானவர்.

---

மெரினாக்காற்று எழுதியது:

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது. 19 வயது, பல் போய்விட்டது, கால் விறைப்பு. இன்னும் இரண்டு மூன்று வருடம். புது இடம், புது ஆள், புது தீனி என்று அலைக்கழிப்பதைவிட, இருக்கும் இடத்திலேயே டாக்டரை வைத்து நிம்மதியாக அனுப்பிவைப்பது கருணை இல்லையா? வெளிநாடுகளில் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள்.

---

ஊர்க்குருவி எழுதியது:

நன்றாகச் சாப்பிட்டு நடந்துகொண்டிருக்கும் ஜீவனைத் தோப்பு விற்கிறது என்பதற்காகக் கொல்வது கருணையா? நிலம் விற்கும்போது கிழவியையும் கணக்கு முடிப்பீர்களா?

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இருவரும் தனிநபர் தாக்குதல் இல்லாமல் பேசவும். கேட்டிருப்பவர் துக்கத்தில் இருக்கிறார் என்பது நினைவிருக்கட்டும்.

---

கொட்டில்டாக்டர் எழுதியது:

இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது, ஆனால் இப்போதைக்கு அது வள்ளியின் கேள்வி இல்லை. நல்ல பராமரிப்பில் குதிரைகள் 25, 30 வயது வரை வாழ்கின்றன. கத்தியவாரி மாதிரி நாட்டு இனங்கள் தாக்குப்பிடிப்பவை. துப்புவதற்கு ஊறவைத்த தீனி பதில், விறைப்புக்கு மெதுவான நடை பதில்.

நான் எப்போது கருணைக்கொலையைச் சொல்வேன்? படுத்தால் எழ முடியாதபோது. வயிற்றுவலி திரும்பத் திரும்ப வரும்போது. நல்ல தீனி போட்டும் எலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போகும்போது. குளம்பு வீக்கத்தில் நிற்கவே வலிக்கும்போது. அப்புறம் இன்னொன்றும் உண்டு, அதை மெரினா நண்பருக்காகச் சொல்கிறேன்: நம்பகமான ஒரு இடமும் கிடைக்காமல், கைமாறிக் கைமாறிப் போவதுதான் எதிரில் இருக்கும் ஒரே பாதை என்றால், அப்போது நானும் அவர் பக்கம்தான் நிற்பேன். அநாதையாகத் தெருவில் விடுவதைவிட அது மேல். கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இதை எடுத்துப்போகிறவரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடைசி முடிவை யார் எடுப்பது, இரவு 2 மணிக்கு வயிற்றுவலி வந்தால் யாரைக் கேட்டு ஊசி போடுவது, எங்கே புதைப்பது. ஊசி மருந்து போட்ட உடலை ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கவேண்டும், கிணற்றிலிருந்து தள்ளி. நாயோ கழுகோ தின்றால் அவையும் சாகும். ஜேசிபி வரும் வழி இருக்கிறதா என்பதுகூட இடத்தைப் பார்க்கும்போது பார்க்கவேண்டிய ஒன்று. பேசக் கசப்பாக இருக்கும், பேசிவிடுங்கள்.

---

குமாஸ்தா எழுதியது:

நான் வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறேன். 'கொடுத்துவிட்டேன்' என்று எழுதாதீர்கள். குதிரை சட்டத்தின் பார்வையில் ஒரு பொருள். தானமாகக் கொடுத்துவிட்டால் அவர் விற்றால் நீங்கள் கேட்க முடியாது. அதற்குப் பதில் 'பராமரிப்புக்காக ஒப்படைக்கிறேன், உரிமை என்னிடமே இருக்கிறது' என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போடுங்கள். விற்கவோ, வாடகைக்கு விடவோ, வேறொருவரிடம் கொடுக்கவோ கூடாது. குட்டி ஈன விடக்கூடாது. முடியாது என்ற நிலை வந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்லவேண்டும், திரும்ப எடுக்க உங்களுக்கு ஒரு மாதமாவது அவகாசம். சொல்லிவிட்டு வந்து பார்க்கும் உரிமை. மருத்துவச் செலவில் யாருக்கு எவ்வளவு. டாக்டர் சொன்ன கடைசி முடிவு பற்றிய பத்தியும் இதில் வரட்டும். கூடவே நான்கு பக்கமும் எடுத்த போட்டோ, நெற்றிச்சுட்டி, கால் வெள்ளை, சுழி இருக்கும் இடம் எல்லாம் குறித்து ஒட்டுங்கள். மைக்ரோசிப் போட முடிந்தால் இன்னும் நல்லது.

உரிமை உங்களிடம் என்றால் பொறுப்பும் உங்களிடம்தான். அதற்குத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

---

சந்தைப்புழுதி எழுதியது:

குமாஸ்தா தம்பி சொன்னதில் ஒன்று கூட்டுகிறேன். தாள் நல்லது, ஆனால் தாள் குதிரைக்குக் காவல் இருக்காது. இடம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கட்டும். போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில் இருந்தால்தான் ஒப்பந்தத்துக்கு உயிர். ராஜபாளையத்தில் எவ்வளவு நல்ல இடம் கிடைத்தாலும் நீங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் போவீர்கள்.

உடுமலைக்காரர்களைப் பற்றி அந்த ஊர் லாடக்காரரிடம் கேளுங்கள். குதிரை வைத்திருப்பவர் யார் எப்படி என்று லாடம் அடிப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. பணம் பாக்கி வைப்பவரா, குளம்பு வளர்ந்து வெடித்த பிறகு கூப்பிடுபவரா, எல்லாம் சொல்லிவிடுவார்.

அந்தியூர் சந்தைக்கு மட்டும் ஓட்டிப் போகாதீர்கள். அங்கே இவள் வயதுக் குதிரைக்கு வருகிற கூட்டம் வேறு.

---

சேணக்கட்டு எழுதியது:

கடைசி வரிக்கு மட்டும் மறுப்பு அண்ணே. குதிரையை ஓட்டிப் போகவேண்டாம், சரி. ஆனால் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி வைத்து ஆசைக்கு வளர்க்கும் குடும்பங்கள் நிறைய வருகிறார்கள். அவர்களிடம் வாய் வார்த்தையாகச் சொல்லிவைப்பதில் லாபம்தான். என்ன, அது ஆடியில். இவர்களுக்குத் தையில் கிரயம்.

---

தோட்டத்துவீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சில செய்திகள்.

திருமணக்காரருக்கும் விடுதிக்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன். கோழிப்பண்ணைப் பெரியவரிடம் டாக்டர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவருக்கே அது தெரியாது. கிடங்கு திறந்துதான் கிடக்கிறது என்று அவரே சொல்லி, வேண்டாம் என்றார்.

உடுமலை போய் வந்தேன். லாடக்காரரிடம் முதலில் கேட்டேன், 'நான் மறந்தால்கூட அந்தம்மா கூப்பிட மறக்கமாட்டாங்க' என்றார். அவர்களுடைய ஆண் குதிரைக்கு 22 வயது. விலா எலும்பு கையில் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. நேப்பியரும் அருகும் கலந்து இருக்கிறது, நேப்பியரைக் குறைக்கச் சம்மதம். வேலி முள்கம்பி. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கேட்ட முதல் கேள்வி எந்தப் பல் என்பதுதான் @சந்தைப்புழுதி ஐயா.

அப்பா ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, 'கடைசி முடிவு' பத்தியில் என் பெயரை அடித்து அவர் பெயரை எழுதியிருக்கிறார். அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முள்கம்பிக்கு என்ன செய்வது? எப்படிக் கொண்டுபோவது? அந்தக் குதிரை இவளை ஏற்குமா?

---

சேணக்கட்டு எழுதியது:

முள்கம்பிக்கு உள்பக்கமாக மூங்கிலோ சவுக்குக் கழியோ இரண்டு வரிசை கட்டச் சொல்லுங்கள், மார்பு உயரத்தில் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று. செலவை நீங்கள் ஏற்கலாம், நியாயம்தான்.

வண்டி: குட்டியானை வேண்டாம், குதிரை கால் அகட்டி நிற்க இடம் போதாது. டாடா 407 லாரி எடுங்கள். தரையில் மணல் பரப்பி மேலே வைக்கோல். ஏற்றச் சாய்பலகை வேண்டும், மேடான வரப்போரம் வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்தினாலும் சரிதான். அதிகாலையில் கிளம்புங்கள். தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டினால் தலை தாழ்த்த முடியாமல் மூச்சுக்குழாயில் தூசி தங்கும், கொஞ்சம் தளர்வாக விடுங்கள். அவளுக்குப் பழக்கமான ஒருவர் கூடவே நிற்கட்டும். முடிந்தால் அதற்கு முன்பே வெறும் வண்டியை நிறுத்தி, அதில் தீனி வைத்து ஏறி இறங்கப் பழக்குங்கள்.

---

கொட்டில்டாக்டர் எழுதியது:

வண்டியில் ஏற்றும் முன் உடல்தகுதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். மயக்க மருந்து எதுவும் வேண்டாம், ஓடும் வண்டியில் விழுந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கான பழைய தீனியைக் கூடவே அனுப்புங்கள். முதல் நாளில் முழுக்கப் பழையது, பிறகு நாளுக்குக் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து பத்து நாளில் மாற்றலாம். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுவலி வர வாய்ப்பு அதிகம். பல் அராவுவதை இங்கேயே முடித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அனுப்புங்கள். கிளாண்டர்ஸ் முடிவு வராமல் அந்தக் குதிரையின் பக்கம் போகவே கூடாது.

சேர்ப்பது: முதல் சில நாட்கள் இடையில் வேலி. மூக்கு மட்டும் தொடட்டும். கத்தும், காலை உதைக்கும், அது சாதாரணம். பிறகு பெரிய இடத்தில், மூலையில் ஒதுக்க முடியாதபடி ஒன்றாக விடுங்கள். பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிட்டால் உதைத்தாலும் காயம் குறையும். தீனித் தொட்டி இரண்டு, நன்றாகத் தள்ளி. இவள் மெதுவாக மெல்பவள், அருகருகே வைத்தால் அவன் தன்னுடையதை முடித்துவிட்டு இவளுடையதையும் தின்றுவிடுவான்.

---

ஊர்க்குருவி எழுதியது:

அதுவரை தோப்பில் தனியாகவா இருப்பாள்? குதிரை கூட்டத்தில் வாழும் ஜாதி.

---

தோட்டத்துவீடு எழுதியது:

எங்கள் காங்கேயம் பசு எப்போதும் பக்கத்தில்தான். அதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிக்கொள்கிறார், வள்ளி போன பிறகுதான் ஓட்டிப்போவேன் என்று சொல்லியிருக்கிறார்.

ரத்த மாதிரி எடுத்தாயிற்று. முடிவு வந்ததும் பல், பிறகு வண்டி. 407 வைத்திருக்கும் நம்பகமான டிரைவர் பொள்ளாச்சி பக்கம் யாருக்காவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். குதிரையோ மாடோ முன்பு ஏற்றியவராக இருக்கவேண்டும், பிரேக்கைத் திடீரென்று அடிக்காதவராக.

---

காரமடைக்காரன் எழுதியது:

தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். மாட்டுச் சந்தைக்கு ஓட்டுபவர், வயதானவர், 40க்கு மேல் போகமாட்டார். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.